மேல் வீட்டு ஷவரும் கீழ் வீட்டு சீலிங்கும்: ஒரு மெட்ராஸ் தண்ணீர் வரலாறு

சென்னையில ஃப்ளாட்ல குடியிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து, காலிங் பெல் அடிச்சு, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் எங்க பாத்ரூம் வரைக்கும் வந்துட்டுப் போறீங்களா?"ன்னு ரொம்ப மரியாதையா கேட்டார்னா, அது காபிக்கான அழைப்பு இல்லை. அவர் வீட்டு சீலிங்ல ஒரு பழுப்பு வட்டம் வந்திருக்கு. அந்த வட்டத்துக்கு நேர் மேலே நம்ம ஷவர் இருக்கு.

இதுக்கு அப்புறம் நடக்கிறதும் தெரிஞ்ச கதைதான். பிளம்பர் வருவார், வாஷரை மாத்துவார். ஒரு மாசம் நிக்கும். மறுபடி சொட்டும். அசோசியேஷன் மீட்டிங்ல பேச்சு வரும். ரெண்டு குடும்பம் லிஃப்ட்ல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையார் பக்கம் இருக்கிற பழைய ஃப்ளாட்டுகள்ல இது ஏன் இவ்வளவு சகஜம்? கொத்தனார் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நூத்தைம்பது வருஷக் கதை இருக்கு. தரையில இருந்த தண்ணீர் எப்படி மாடி ஏறிச்சுங்கிற கதை. அதைத் தெரிஞ்சுக்கிட்டா ஒழுகலை எங்கே தேடணும்னும் தெரிஞ்சுடும்.

கொல்லையில் இருந்த குளியல்

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுத்தி இருந்த பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையல்கட்டு, அப்புறம் கொல்லை. கிணறு கொல்லையில. துவைக்கிற கல்லும் வெந்நீர் அடுப்பும் அங்கேயே. குளிக்கிறதும் அங்கேதான், கிணத்தடியில. பொம்பளைகளுக்கு ஒரு தட்டி மறைப்போ நாலு சுவரோ இருக்கும். குளிச்ச தண்ணி ஜலதாரை வழியா வாழைக்கும் தென்னைக்கும் போயிடும். ஒழுகல் என்கிற வார்த்தைக்கே அங்கே இடமில்லை. மண்ணுல விழுந்த தண்ணியை யார் கேட்கப் போறாங்க?

மாடி இருந்த வீடுகளிலும் குளியலறை பெரும்பாலும் கீழேதான். அதுக்கு ஒரு கட்டுமானக் காரணம் உண்டு. அந்த மாடித் தளங்கள் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் கட்டினவை. தேக்கு மரச் சட்டங்களை வரிசையா போட்டு, அதுக்கு மேல சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லை நிக்க வெச்சு சுண்ணாம்புக் கலவையில அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, சித்தாள் பெண்கள் வரிசையா உட்கார்ந்து மரக்கட்டையால நாள்கணக்கா தட்டுவாங்க. கடைசியில தட்டோடு பதிப்பாங்க. மழைக்கு இது நல்லாவே தாங்கும். மழை வருஷத்துல சில வாரம் பெய்யும், அப்புறம் வெயில் காயவெச்சுடும். தினமும் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினா மரம் உளுத்துப் போகும். இது அந்தக் காலக் கொத்தனாருக்கு நல்லாவே தெரியும். அதனால தண்ணி புழங்குற இடத்தை மரத்துக்கு மேல வைக்க மாட்டார்.

இன்னொரு விஷயம். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், காத்துப் பட்டா வெளியே விட்டுடும். சிமெண்ட் பூச்சும் பெயிண்ட்டும் அந்த அளவுக்கு விடாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி தேடும். அந்த வழிதான் பெரும்பாலும் கீழ் வீட்டு சீலிங்.

மேட்லி ரோடு யார் பேர்ல இருக்கு?

மெட்ராஸுக்குத் தண்ணி கொண்டு வர்ற முயற்சி 1772லேயே ஆரம்பிச்சாச்சு. கேப்டன் பேக்கர் யோசனைப்படி வெட்டின ஏழு கிணறு அப்போதான் வந்தது. அது முக்கியமா கோட்டைக்கு. அதுக்கு 100 வருஷம் கழிச்சு, 1872ல, கொசஸ்தலை ஆத்துத் தண்ணியைத் தாமரைப்பாக்கத்துல திருப்பி, சோழவரம் வழியா செங்குன்றம் ஏரிக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து திறந்த வாய்க்கால்ல கீழ்ப்பாக்கம் வரைக்கும் விட்டாங்க. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியா ஊருக்கு. வடிகட்டுறது எல்லாம் கிடையாது. ஏரியில என்ன இருந்ததோ அதுவே குழாயில வரும்.

வடிகட்டின தண்ணி வந்தது 1914ல. கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டிகளும் பம்பிங் ஸ்டேஷனும் கட்டினாங்க. அதைத் திட்டமிட்டவர் கார்ப்பரேஷன் ஸ்பெஷல் இன்ஜினியர் ஜே. டபிள்யூ. மேட்லி. ஆமாம், தி.நகர்ல மேட்லி ரோடு, மழை பெஞ்சா நிரம்புற மேட்லி சப்வே, எல்லாம் அவர் பேர்தான். தண்ணீர் இன்ஜினியர் பேர் வெச்ச சப்வேயிலேயே தண்ணி நிக்குது. :-)

மேட்லி காலத்துத் திட்டத்துல ஒரு கணக்கு போட்டாங்க. 1911 சென்சஸ்படி மெட்ராஸ் ஜனத்தொகை 5 லட்சத்து சொச்சம். 1961ல அது 6.6 லட்சம் ஆகும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 காலன், அதாவது சுமார் 115 லிட்டர் கொடுத்தா போதும்னு முடிவு பண்ணினாங்க. ஐம்பது வருஷம் முன்னாடியே யோசிச்சது பெரிய விஷயம்தான். ஆனா 1961 வந்தப்போ ஊர்ல இருந்தது 17 லட்சம் பேருக்கு மேல! 1944ல பூண்டி நீர்த்தேக்கம் வந்திருந்தும் கணக்கு எட்டலை.

குழாயில தண்ணி இருக்கு, அழுத்தம் இல்லை. தரை மட்டத்துலயே மெல்லிசா வருது, அதுவும் சில மணி நேரம்தான். நம்ம ஊர் குளியலறையோட தலையெழுத்து இங்கேதான் மாறிச்சு.

ஏரி போய் நகர் வந்தது

இதே சமயத்துல ஊர் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்தது. 1920களில் 'லாங் டேங்க்' என்கிற நீளமான ஏரியின் மாம்பலம் பக்கத்தைத் தூர்த்து ஒரு புது நகர் போட்டாங்க. பிட்டி தியாகராயர் பேர்ல தியாகராய நகர். நடுவுல பனகல் ராஜா பேர்ல பூங்கா. மேற்கு மாம்பலத்துல இன்னைக்கும் லேக் வியூ ரோடு இருக்கு. வியூ மட்டும் இல்லை. 1940களின் கடைசியில் கூட்டுறவு வீட்டு வசதி சங்கம் மூலமா அடையாரில் காந்தி நகர் வந்தது. பின்னாடி கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர்னு வரிசையா.

இந்தப் புது நகர்களின் வீடுகள் மயிலாப்பூர் வீடு மாதிரி ஒட்டி ஒட்டி இல்லை. தனித்தனி பங்களா, சுத்தித் தோட்டம். சிமெண்ட் கான்க்ரீட் தளம் சாதாரணமாகிடுச்சு. மரச் சட்டம் இல்லை, உளுத்துப் போகிற பயம் இல்லை. குளியலறை கொல்லையை விட்டு வீட்டுக்குள்ளே வந்தது, அப்புறம் மாடிக்கும் ஏறிச்சு. தரைக்கு சிவப்பு ஆக்சைடோ மொசைக்கோ. சுவர்ல இடுப்பு உயரத்துக்கு வழவழன்னு சிமெண்ட் பூச்சு. 1950களில் ராணிப்பேட்டையில பாரி கம்பெனி பீங்கான் சாமான் தயாரிக்க ஆரம்பிச்ச பிறகு கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இடம் பிடிச்சது.

மாடிக்குத் தண்ணி? தெருக்குழாயில வர்றதை முதல்ல தரைக்கடியில 'சம்ப்'பில் பிடிக்கணும். அப்புறம் மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏத்தணும். மோட்டார் இல்லாத வீட்ல அடிபம்பு. எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவங்களுக்கு அந்தக் 'கிறீச் கிறீச்' சத்தம் இன்னும் காதுல இருக்கும். மொட்டை மாடியில முதல்ல சிமெண்ட் தொட்டி, அப்புறம் கறுப்பு சின்டெக்ஸ். 1978ல மெட்ரோ வாட்டர் வாரியம் வந்தது. 1983ல தெலுங்கு கங்கை ஒப்பந்தம். 1996ல கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. 2004ல வீராணம் தண்ணி. 2010ல மீஞ்சூரிலும் 2013ல நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். இத்தனை வந்தும் சம்ப்பும் தொட்டியும் போகலை. வீட்டுக்கு வீடு ஒரு குட்டி வாட்டர் ஒர்க்ஸ்!

ஷவர் வந்த வழி

சும்மா ஒரு எட்டு வெளியூருக்கும் போயிட்டு வரலாம். இயந்திர ஷவருக்கு முதல் காப்புரிமை வாங்கினவர் லண்டன்ல அடுப்பு செஞ்சுக்கிட்டிருந்த வில்லியம் ஃபீத்தம், 1767ல. கை பம்பால தண்ணியை மேல ஏத்தி, சங்கிலியை இழுத்தா தலையில கொட்டும். குளிச்ச அழுக்குத் தண்ணியையே திரும்ப ஏத்தினதால யாரும் பெரிசா விரும்பலை. 1872ல பிரான்ஸ்ல ரூவான் ஊர் ஜெயில் டாக்டர் மெரி டெலாபோஸ்ட் கைதிகளை வரிசையா ஷவர்ல குளிப்பாட்டினார். தொட்டிக் குளியலை விடத் தண்ணி மிச்சம், நேரமும் மிச்சம். அதே 1872லதான் நம்ம ஊருக்கு செங்குன்றம் தண்ணி வந்ததுன்னு மேலே சொன்னேன் இல்லையா?

ஐரோப்பாவுல ஷவர் சிக்கனத்துக்காக வந்தது. அங்கே போட்டி தொட்டியோட. நம்ம ஊர்ல போட்டி பக்கெட்டோட. ஒரு பக்கெட் 15லிருந்து 20 லிட்டர். நல்ல அழுத்தத்துல நிமிஷத்துக்கு 10 லிட்டர் விடுற ஷவர்ல எட்டு நிமிஷம் நின்னா 80 லிட்டர். அதனாலதான் தண்ணிப் பஞ்சம் வர்ற வருஷமெல்லாம் ஷவரை மூடிட்டு பக்கெட்டை எடுக்கிறோம். 2003, 2004லயும் அப்படித்தான், ஏரிகள் வத்தின 2019லயும் அப்படித்தான்.

அந்த மாதிரி வருஷத்துல மாசக்கணக்கா ஷவரைத் திறக்காம வெச்சா உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் காய்ஞ்சு விறைச்சுப் போகலாம். மழை பெஞ்சு தண்ணி வந்து, சந்தோஷமா திறக்கும்போது அது பிடிக்காது. பஞ்சம் முடிஞ்ச கையோட ஒழுகல் ஆரம்பிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்தக் கணக்கு ஒண்ணு. தண்ணி 10 மீட்டர் உயரத்துல நின்னா கீழே சுமார் 1 பார் அழுத்தம். தரையும் ரெண்டு மாடியும் இருக்கிற ஃப்ளாட்ல, தரைத்தள ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவுல கிட்டத்தட்ட அந்த 10 மீட்டர் கிடைக்கும். மேல் மாடிக்காரருக்கு ரெண்டு மூணு மீட்டர்தான். அதனால மேல் மாடியில ஷவர் பிசுபிசுன்னு வரும், கீழ் வீட்ல பாய்ச்சல். மேல் வீட்டுக்காரர் இதுக்காக ஒரு பிரஷர் பம்பு போடுவார். முப்பது வருஷமா மெல்லிசா ஓடிக்கிட்டிருந்த பழைய குழாய்ல திடீர்னு அழுத்தம் ஏறும். எங்கெல்லாம் பலவீனமோ அங்கெல்லாம் அது கண்டுபிடிச்சுடும்.

பள்ளத்தில் நிற்கும் குளம்

இப்போ விஷயத்தோட மையத்துக்கு வருவோம். 1970களிலிருந்து தி.நகர், மயிலாப்பூர், அடையார்ல பங்களாக்களை இடிச்சு ஃப்ளாட் கட்ட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் குளியலறைக்கு நேர் கீழே முன்பின் தெரியாத இன்னொருத்தர் குளியலறை.

அந்தக் காலத்துல பெரும்பாலும் இந்தியன் கழிப்பறை. அந்தப் பீங்கானும் அதுக்குக் கீழே வர்ற வளைவுக் குழாயும் தரைக்குள்ளே புதையணும். அதுக்கு ஒன்றரை அடி வரைக்கும் ஆழம் வேணும். அதனால குளியலறைக்குக் கீழே மட்டும் கான்க்ரீட் தளத்தைத் தாழ்த்திப் போடுவாங்க. இதைத்தான் கொத்தனார்கள் 'சங்கன்' என்கிறாங்க. அந்தப் பள்ளத்துல குழாய்களைப் போட்டு, செங்கல் உடைசலையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பி, மேலே தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிடுவாங்க.

யோசிச்சுப் பாருங்க. இது அடியில நாலு பக்கமும் மூடின ஒரு தொட்டி. உள்ளே தண்ணியை உறிஞ்சுற செங்கல். மேலே டைல்ஸ் இடுக்கு வழியாவோ, நஹானி டிராப் சுத்தியோ, குழாய் மூட்டு வழியாவோ சொட்டுச் சொட்டா இறங்குற தண்ணி அந்தப் பள்ளத்துல சேரும். வருஷக்கணக்கா சேரும். மேல் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது, அவர் தரை காய்ஞ்சுதான் இருக்கும். நிரம்பின பிறகு தளத்துல எங்கே மெல்லிய விரிசல் இருக்கோ அங்கே கீழே இறங்கும். அதனாலதான் "எங்க வீட்ல ஒழுகவே இல்லையே, சார்"னு மேல் வீட்டுக்காரர் சொல்றது பொய் இல்லை. "உங்க வீட்லேர்ந்துதான் வருது"ன்னு கீழ் வீட்டுக்காரர் சொல்றதும் பொய் இல்லை. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒன்றரை அடியில ஒரு குளம் இருக்கு, அது ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியலை.

நல்லாக் கட்டினவங்க அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, அடித்தளத்துக்கு வாட்டம் கொடுத்து, சேர்ற தண்ணி வெளியே போக ஒரு சின்னக் குழாயும் விட்டிருப்பாங்க. கட்டடத்தோட வெளிச்சுவர்ல, குளியலறைக்குக் கீழே தனியா ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருந்தா அது அதுவாத்தான் இருக்கும். அதுல சொட்டினா மேலே எங்கேயோ கசியுதுன்னு அறிவிப்பு. நிறையப் பேர் அசிங்கமா இருக்குன்னு பெயிண்ட் அடிக்கும்போது அதை அடைச்சுடுறாங்க!

எங்க குடியிருப்புல ரெண்டு வீட்டுக்காரங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பேசாம இருந்தாங்க. கீழ் வீட்டு மாமி குளிச்சிட்டு வெளியே வந்த பத்தாவது நிமிஷம், சீலிங் பூச்சு ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பத்து நிமிஷம் முன்னாடி விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுக்கப்புறம்தான் மேல் வீட்ல தரையை உடைச்சாங்க. பள்ளத்துல இருந்த செங்கல் உடைசலைப் பிழிஞ்சா தண்ணி வரும் போல ஊறிக் கிடந்தது. நஹானி டிராப் மூட்டு விட்டிருந்தது. அதுக்கு முன்னாடி மாத்தின வாஷர் எத்தனைன்னு கணக்கே இல்லை.

உப்பு, துரு, ஆசிட்

பழைய ஃப்ளாட்டுகள்ல குழாய் எல்லாம் ஜி.ஐ., அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு. மரை வெட்டி, சணல் நூல் சுத்தி, பெயிண்ட் தடவி முடுக்குவாங்க. மரை வெட்டின இடத்துல பூச்சு போயிடும். துரு ஆரம்பிக்கிறது அங்கேதான். முதல்ல குழாயெல்லாம் சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஓடும், ஒழுகினா தெரியும். அப்புறம் அழகு பார்த்து சுவருக்குள்ளே புதைச்சாங்க. தெரியாத இடத்துல ஒழுக ஆரம்பிச்சது. 1990களின் பிற்பகுதியில வந்த சி.பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது. ஆனா சுவருக்குள்ளே எந்தக் குழாய் ஓடுதுன்னு தெரியாம டவல் ராடுக்கு டிரில் போட்டா எந்தக் குழாயும் ஓட்டைதான்.

அப்புறம் போர் தண்ணி. கடலோரம் இருக்கிற பெசன்ட் நகர், திருவான்மியூர்ல உப்பு. வேற சில தெருக்கள்ல இரும்புச் சத்து, பக்கெட்டே பழுப்பாகிடும். ஷவர் தலையில துளையெல்லாம் வெள்ளையா அடைச்சுக்கும். தண்ணி நேரா வராம பக்கவாட்டுல சுவர் மேல பீச்சும். அந்தச் சுவர் டைல்ஸ் இடுக்குல ஒயிட் சிமெண்ட் ஏற்கெனவே விரிஞ்சிருக்கும்.

இந்த உப்புக் கறையைப் போக்க நம்ம ஆளுங்க பண்ற காரியம், தெருவுல சைக்கிள்ல வர்றவர்கிட்ட பினாயிலோட ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊத்தித் தேய்க்கிறது. கறை போகும், டைல்ஸ் பளபளன்னு ஆகும். கூடவே டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்ட்டும் கரையும். ஆசிட்டுக்குச் சிமெண்ட் தாங்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்து வருஷம் இப்படித் தேய்ச்சா இடுக்கெல்லாம் வாய்க்கால்தான்.

உள்ளே போன ஈரம் என்ன பண்ணும்? நல்ல கான்க்ரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. வருஷம் போகப் போகக் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும். அதோட ஈரமும் உப்பும் சேர்ந்தா கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல ரெண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் அடைக்கும். அந்த வீக்கம் தாங்காம கான்க்ரீட் பிளந்து பூச்சு விழும். பழுப்பு வட்டத்துல ஆரம்பிச்சு, உப்புப் பூத்து, உப்பி, கடைசியில கம்பி தெரியும். அதாவது ஒழுகல்னா வெறும் பெயிண்ட் பிரச்சினை இல்லை. கட்டடத்தோட ஆயுசு.

சரி, என்ன பண்ணலாம்?

உடைக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும். அதுக்கு இன்ஜினியர் வேண்டாம், பொறுமை போதும்.

முதல்ல, மேல் குளியலறையை ரெண்டு நாள் உபயோகிக்காம விடுங்க, ஆனா வால்வை மூடாதீங்க. அப்பவும் கீழே அதே வேகத்துல சொட்டினா, எப்பவும் அழுத்தத்துல இருக்கிற வரத்துக் குழாய் மேல சந்தேகம். வால்வை மூடினதும் நின்னா சந்தேகம் உறுதி. குளிக்கும்போது மட்டும் சொட்டினா போக்குக் குழாயோ தரையோ. குளிச்சு பல மணி நேரம் கழிச்சு மெதுவா வந்து, நாள்கணக்கா நிக்காம இருந்தா அந்தப் பள்ளத்துக் குளம்தான்.

போக்குக் குழாயா தரையான்னு பிரிக்க ஒரு வழி. ஒரு பக்கெட் தண்ணியில கேசரிப் பவுடர் கலந்து, தரையில படாம நேரா நஹானி டிராப்ல ஊத்துங்க. கீழே கலர் வந்தா போக்குக் குழாய். வரலைன்னா டிராப் வாயைத் துணியால அடைச்சு, தரையில ஒரு அங்குலம் தண்ணி கட்டி ஒரு நாள் வெச்சுப் பாருங்க. தண்ணி மட்டம் இறங்கினா தரை. ரெண்டுலயும் வரலைன்னா, ஷவரைச் சுவர் மேல பாயவிட்டுப் பாருங்க. சுவர் இடுக்குல பிரச்சினை இருந்தா அப்போ தெரியும்.

அடுத்தது தினசரிப் பராமரிப்பு:

- ஷவர் தலையை மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி, வினிகர்லயோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியிலயோ ராத்திரி ஊறவெச்சு பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. திரும்ப மாட்டும்போது மரையில டெஃப்லான் டேப் சுத்துங்க.

- ஷவர் கை சுவருக்குள்ளே போற இடத்துல ஒரு வட்டத் தகடு இருக்கும். அதை நகர்த்திப் பாருங்க. பின்னாடி ஓட்டை திறந்து கிடந்தா தண்ணி நேரா சுவருக்குள்ளே போகுது. சிலிகான் வெச்சு அடைக்கறது பத்து நிமிஷ வேலை.

- டைல்ஸ் இடுக்குல விரலை ஓட்டுங்க. பொடி உதிர்ந்தா பழசைச் சுரண்டி எடுத்துட்டு எபாக்சி வைங்க. தரையும் சுவரும் சேர்ற மூலைதான் முக்கியம், விரிசல் முதல்ல வர்றது அங்கே. பழசு மேலேயே ஒயிட் சிமெண்ட் பூசுறது ஒரு வருஷம்கூடத் தாங்காது.

- வாட்டம் சரியா இருக்கான்னு பார்க்க ரசமட்டம் வேண்டாம். ஒரு சொம்பு தண்ணி கொட்டுங்க. அரை மணி கழிச்சு எங்கேயாவது குட்டையா நின்னா அந்த இடத்துலதான் நாளைக்குக் கசியும்.

- நஹானி டிராப் மூடியை வாரம் ஒரு தடவை தூக்கி முடியை எடுங்க. அடைச்சா தண்ணி தேங்கும், தேங்கினா இடுக்கு தேடும்.

- ஆசிட் வேண்டவே வேண்டாம்.

- சொட்டுற குழாய்க்கு அடியில ஒரு மணி நேரம் பாத்திரம் வைங்க. அரை லிட்டர் சேர்ந்தா நாளைக்கு 12 லிட்டர், மாசத்துக்கு 360 லிட்டர். லாரித் தண்ணி வாங்கின வருஷத்தை நினைச்சுக்கிட்டே பாருங்க.

புதுசா குளியலறை மாத்துறவங்களுக்கு ஒண்ணு. டைல்ஸ் மேல டைல்ஸ் ஒட்டுறது மலிவு, ஆனா பள்ளத்துல இருக்கிற குளம் அப்படியே இருக்கும். ஒரு தடவை முழுசா தோண்டி, ஊறின உடைசலை அள்ளி எடுத்து, அடித்தளத்துல வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பார்த்து, கீழ் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்து காட்டிட்டு, அப்புறம் டைல்ஸ் போடுங்க. இப்போ வர்ற பல கட்டடங்கள்ல பள்ளமே கிடையாது. போக்குக் குழாய் கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கிலேயே தொங்கும், மறைக்க ஒரு ஃபால்ஸ் சீலிங். அழகு குறைவுதான். ஆனா மூட்டு விட்டா அன்னைக்கே தெரியும், எதையும் உடைக்காம சரி பண்ணலாம்.

யார் செலவு?

சண்டை கடைசியில இங்கேதான் வந்து நிக்கும். மேல் வீட்டுக்காரர் "கட்டினவன் தப்பு" என்பார், கீழ் வீட்டுக்காரர் "உங்க தண்ணி" என்பார். 1994ல தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. அதுக்குப் பதிலா 2022ல புதுச் சட்டம் கொண்டு வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்ட எல்லாரும் கையெழுத்துப் போடணும்ங்கிற நிலைமை மாறி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதம் போதும்னு ஆகியிருக்கு.

தெற்குச் சென்னையில எழுபது, எண்பதுகளில் கட்டின ஃப்ளாட்டுகள் வரிசையா இடிபடுறதைப் பார்க்கிறோம். மனைக்கு விலை ஏறினது ஒரு காரணம். "சீலிங்கெல்லாம் கம்பி தெரியுது, இனி ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லை" என்பது இன்னொரு காரணம். புது வீடு கிடைக்குதேன்னு சந்தோஷப்படுறவங்க உண்டு. ஆனா எழுபத்தஞ்சு வயசுல, ரெண்டு மூணு வருஷம் வாடகை வீட்டுக்குப் போய்ட்டு வரணும்னா அது எல்லாராலயும் முடியிற காரியம் இல்லை. போனவங்க எல்லாரும் திரும்பி வர்றதும் இல்லை. அந்தக் கட்டடம் இன்னும் பதினஞ்சு வருஷம் நின்னிருந்தா, தன் வீட்லேயே தன் கட்டில்லேயே காலத்தைக் கழிச்சிருப்பாங்க.

எங்க குடியிருப்புல அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் கடைசியில செலவைப் பாதிப் பாதி போட்டுக்கிட்டாங்க. பள்ளம் ரெண்டு பேருக்கும் பொதுன்னு மேல் வீட்டுக்காரரே சொன்னார். அதுக்கப்புறம் எங்க அசோசியேஷன்ல ஒரு வழக்கம் வந்திருக்கு. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, ஒவ்வொருத்தரும் தன் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய் பாத்ரூமைப் பார்த்துட்டு வரணும். டார்ச் லைட் ஒண்ணு, கேசரிப் பவுடர் ஒரு பாக்கெட். போன வருஷம் மூணு வீட்ல கசிவு கண்டுபிடிச்சோம். மூணும் பழுப்பு வட்டமா ஆகிறதுக்கு முன்னாடியே. ஒண்ணுக்கு வாஷர், ஒண்ணுக்கு சிலிகான், மூணாவதுக்கு மட்டும் தரையை உடைக்க வேண்டி வந்தது. எல்லா வீட்லயும் காபியும் கொடுத்தாங்க.